நெருக்கடி ஒன்று, கூலி வேறு வேறு



இந்த மாதப் பாடம் நம்ம கூலி பற்றியது. "பொருளாதார நெருக்கடி" என்று டிவியில் சொல்கிறார்கள். ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் சம்பளம் வழக்கம்போல் வருகிறது, பக்கத்து வீட்டில் அரிசிக்கே கஷ்டம். ஏன் இப்படி?

திருநீர்மலையில் ஒரு குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மெப்ஸில் தையல் வேலை. ஒருவர் ஐ.டி. கம்பெனியில் காண்டிராக்டில் ஹவுஸ்கீப்பிங். ஒருவர் சித்தாள். ஒருவர் பம்மலில் நாலு வீட்டில் வேலை செய்கிறார். இன்னொருவர் கோயில் அடிவாரத்தில் பூ விற்கிறார்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. சித்தாளுக்கு அன்றைக்கே கூலி நின்றது. ஐ.டி. கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை செய்தவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள், சம்பளமும் வந்தது. அதே கட்டடத்தைப் பெருக்கியவர் வீட்டிலிருந்து பெருக்க முடியுமா? அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி இல்லை, காண்டிராக்டர். வீட்டு வேலைக்கு எழுத்தில் எதுவும் கிடையாது. சில அம்மாக்கள் கொடுத்தார்கள், பலர் "அப்புறம் வாம்மா" என்றார்கள். பூக்காரருக்கு முதலே கரைந்தது. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1-ல்தான் திறந்தன. கல்யாணக் கூட்டத்தை நம்பும் ஊரில் அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்கே தெரியும்.

சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020 மார்ச் 29-ல் உத்தரவு போட்டது. மே 18 முதல் அது விலக்கப்பட்டது. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. சங்கம் இல்லாத பெண் யாருடன் உட்கார்ந்து பேசுவார்? எனக்கு இது சரியாகப் படவில்லை.

எல்லா நெருக்கடியும் எல்லோரையும் அடிக்காது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீதம் கூடுதல் வரி போட்டது. திருப்பூர் பனியன், தோல், இறால் எல்லாம் மாட்டின. செல்போனுக்கு விலக்கு இருந்தது. அதனால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் செய்யும் பெண்ணுக்கு அந்த வரி நேராக வரவில்லை. வீட்டு வேலைக்கும் வரவில்லை. ஏற்றுமதித் தையலில் பீஸ் ரேட்டை யாரும் குறைக்கவே வேண்டாம். ஆர்டர் குறைந்தால் பீஸ் குறையும், ஓவர்டைம் போகும், சனிக்கிழமை கவர் தானாக மெலியும். காண்டிராக்ட் ஆட்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

கடனுக்கு வருவோம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி சலுகைக்கு அனுமதித்தது. வட்டி தள்ளுபடி என்று பலர் நினைத்துவிட்டோம். இல்லை. ரூ.20,000 பாக்கி, வருடம் 24 சதவீதம் என்றால் மாதம் ரூ.400 வட்டி. 6 மாதத்தில் ரூ.2,400 ஏறும். வட்டிக்கு வட்டியை மட்டும் பிறகு அரசு ஏற்றுக்கொண்டது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் வட்டியையாவது கட்டிவிடுவது நல்லது.

அந்த நேரத்தில் கை கொடுத்தது எது? ரேஷன் கார்டுக்கு ரூ.1,000. பெண்களின் ஜன்தன் கணக்கில் மூன்று மாதம் ரூ.500. ஈ.எஸ்.ஐ.-யில் குறைந்தது 2 வருடம் இருந்து வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் என்று ஒரு திட்டம் இருந்தது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், நம்பர் என்னவென்று தெரியாது என்றால் எப்படி மனு கொடுப்பது? கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு உள்ளவருக்குத்தான் உதவி போனது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் குழுவில் மாதச் சம்பளம் எத்தனை பேர், தினக்கூலி எத்தனை, பீஸ் ரேட் எத்தனை, சொந்த வியாபாரம் எத்தனை? எல்லோரும் ஒரே வேலையில் இருந்தால், அந்த வேலை நின்ற மாதம் உள்கடன் தவணையை யார் கட்டுவது?

அடுத்த கூட்டத்துக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். நம்பர், வாரிய அட்டை இவற்றை எடுத்து வாருங்கள். ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். அட்டை இல்லாதவர்கள் பெயரைத் தனியாக எழுதிக் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து போய்ப் பதிந்து வருவோம்.