அயலவரின் கட்டாத நாய்கள்

கேள்வி: அயல்வீட்டார் கட்டாமல் விடும் நாய்கள் ஒழுங்கையால் செல்வோர்மீது பாய்கின்றன. சட்டத்தில் இதற்கு வழியுண்டா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: உண்டு. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி வளர்ப்பு நாய் உள்ளூராட்சி சபையில் பதியப்பட வேண்டும். பதிந்திருந்தால், நாய் எவருடையது என்ற வாதமே எழாது. இலங்கையில் வழக்கிலுள்ள உரோமன் டச்சுச் சட்டமோ இன்னும் கூர்மையானது: வளர்ப்பு விலங்கொன்று தன் இனத்தின் இயல்பான சாந்தத்துக்கு மாறாகத் தானே பாய்ந்து காயப்படுத்தினால், உரிமையாளரிடம் நட்டஈடு கோரலாம்; ஆயினும், கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ வளவுக்குள் அத்துமீறியிருந்தாலோ அக்கோரிக்கை நிலைப்பது அரிது. ஒழுங்கையில் நடந்தவருக்கு இவ்விடர் இல்லை.

எனினும் வழக்கு நெடுங்காலம் இழுபடக்கூடுமாதலால், கிராம சேவையாளருக்கு அறிவித்து, பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து, பிணக்குகளை இணக்கத்தால் தீர்க்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையை முதலில் நாடுவதே விவேகம். நஞ்சு வைப்பதோ முறைப்பாட்டாளரையே எதிரிக்கூண்டில் ஏற்றிவிடும்.

கடி நேர்ந்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். விசர்நோய் அறிகுறி தோன்றியபின் மருத்துவத்தால் மீட்பது ஏறக்குறைய இயலாதது. கடித்த நாயைக் கொல்லாமல், கட்டிவைத்து 14 நாட்கள் அவதானிக்க வேண்டும்.