தோட்டத் தரைக்கு எந்தக் கல்?

டைல்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் போடுவதற்கு அது சரி. தோட்டத்துக்கு வாங்கும்போது, பெய்யும் மழை எங்கே போகும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்து பூமிக்குள் இறக்கிவிட்டு, தானே தண்ணீர் குடிக்கும் தோட்டத்து மண்ணை முழுக்க மூடிவிடக் கூடாது.

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அந்த இடத்தில் கார் ஏறுமா, ஆள் மட்டும் நடப்பார்களா? வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் வீட்டில் உண்டா? அடியில் இருப்பது என்ன மண்?

பேவர் பிளாக்

நடைபாதைக்கு 50 மி.மீ., கார் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் போதும். மண்ணை இறுக்கி, கிராவலோ ஜல்லியோ பரப்பி திமிசு போட்டு, மேலே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மணல் விரித்துக் கல்லைப் பதிக்கிறார்கள். அடியில் கான்கிரீட் இல்லாததால் இடுக்கு வழியாக ஓரளவு தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். குழாய் உடைந்தால் நான்கு கல்லைத் தூக்கிச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணுக்கு இதுவே பொருத்தம். இடுக்கில் புல் முளைக்கும், எறும்பு மணலைத் தள்ளும். ஓரத்தில் பார்டர் கல் வைக்காவிட்டால் வரிசை விலகிவிடும். வாங்கும்போது விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் வேண்டாம்.

சிமென்ட் பார்க்கிங் டைல்ஸ்

விலை குறைவு, கட்டம் போட்ட மேற்பரப்பு வழுக்காது. ஆனால் கான்கிரீட் தளத்தின் மேல் கலவை போட்டு ஒட்டுவதால் தண்ணீர் உள்ளே இறங்காது. தளம் உட்கார்ந்தால் டைல்ஸும் விரிசல் விடும். போர்டிகோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளிப்புற விட்ரிஃபைடு டைல்ஸ்

தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. அதனால் கறை எளிதில் பிடிக்காது. பளபளப்பானதைத் தவிர்த்து, பெட்டியில் ஆர்11 அல்லது அதற்கு மேல் என்று குறிப்பிட்டதைக் கேளுங்கள். அது வழுக்காத தன்மையைக் குறிக்கும் எண். 10 மி.மீ. டைல்ஸுக்குக் கான்கிரீட் தளம் அவசியம். 20 மி.மீ. கனத்தில் வருவதை, ஆள் நடக்கும் பாதைகளில், இறுக்கிய ஜல்லி மேல் கலவையில்லாமலே பதிக்கலாம்.

கடப்பா, கோட்டா, கருங்கல்

கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்பு அரித்துவிடும். பாலிஷ் போடாத பலகைகளைப் புல்லுக்கு நடுவே ஓர் எட்டு இடைவெளியில் பதித்தால், செலவு குறையும், மண்ணும் மூச்சு விடும். கடப்பாவின் கறுப்பு, வெயிலில் கடுமையாகச் சுடும். நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பலகை தலைமுறைக்கும் உழைக்கும். விலையும் பதிக்கும் கூலியும் அதிகம். ஆத்தங்குடி டைல்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூரைக்குக் கீழேதான் அதன் இடம்.

தேர்வு எப்படி?

கார் நிற்கும் இடத்துக்கும் கரிசல் மண்ணுக்கும் பேவர் பிளாக். செடிகளுக்கு நடுவே நடக்க, தனித்தனிக் கல் பலகை. உட்கார்ந்து பேசும் சிறிய திண்ணைப் பகுதிக்கு சொரசொரப்பான விட்ரிஃபைடு. எதுவானாலும் வெளிர் நிறமாக இருக்கட்டும். ஒரே ஒரு மாதிரிக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு மக் தண்ணீர் ஊற்றி, குதிகாலை அழுத்தித் தேயுங்கள். சுட்டாலும் வழுக்கினாலும் வேறு கல் பாருங்கள்.

பதிக்கும்போது

வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வேண்டும். அந்தத் தண்ணீர் செடிப் பாத்திக்கோ மழைநீர்க் குழிக்கோ போய்ச் சேரட்டும். மாமரம், வேம்பு போன்றவற்றைச் சுற்றி மூன்றடியாவது மண்ணை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மரமும் வாடும், வேர் கல்லையும் தூக்கும். கால் படும் இடத்துக்கு மட்டும் கல் போதும்.

கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஓஸ் பைப்பால் தரை முழுக்கத் தண்ணீர் அடியுங்கள். அரை மணி நேரம் கழித்தும் எங்காவது தேங்கி நின்றால், அந்த இடத்தைப் பெயர்த்து வாட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.