கணத்தைப் பற்றி நிறுத்தும் சுற்று

நுழையும்முன்

ஒளியை மின்சாரமாக மாற்றுவது படக்கருவியின் முதற்பணி. அம்மின்சாரத்தைப் பிழையின்றி அளப்பது அதனினும் அரிய பணி. தொலைவில் உள்ள மங்கிய விண்மீன் படத்தில் தெரிவதும் மறைவதும் அவ்வளவீட்டைப் பொறுத்தே அமையும். அதற்குத் துணைநிற்கும் சிறு மின்னணுச் சுற்றினைப் பற்றி இப்பாடம் விளக்குகிறது.

ஒளியிலிருந்து மின்னழுத்தம்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்னும் கருவியை உருவாக்கினர். படவுணர்வியாகப் பயன்படும் இக்கருவியின்மேல் ஒளி விழும்போது ஒவ்வொரு படப்புள்ளியிலும் எலக்ட்ரான்கள் தோன்றிச் சேர்கின்றன. தீயணைக்க வரிசையில் நிற்போர் நீர் வாளிகளைக் கைமாற்றுவதுபோல, அவை புள்ளிக்குப் புள்ளி நகர்த்தப்படுகின்றன. இறுதியில் வெளியீட்டு முனையிலுள்ள மிகச்சிறிய மின்தேக்கியை அடைந்து மின்னழுத்தமாக மாறுகின்றன.

மாதிரி எடுத்தலும் நிறுத்தலும்

நகர்த்தும் துடிப்புகளின் அதிர்வால் அம்மின்னழுத்தம் ஏறியிறங்கிப் பின்னரே நிலைகொள்கிறது. உடனே அடுத்த புள்ளியின் முறை வந்துவிடும். ஆயினும், அதனை எண்ணாக மாற்றும் சுற்றுக்கு அசையாத அளவு தேவை. இங்கேதான் மாதிரி எடுத்து நிறுத்தும் தொகுப்புச் சுற்று பயன்படுகிறது. ஒரு மின்னணுச் சாவியும் ஒரு மின்தேக்கியும் பெருக்கிகளும் அதன் உறுப்புகள். சாவி மூடும்போது மின்தேக்கி உள்ளீட்டைப் பின்தொடர்கிறது; திறந்ததும் அக்கணத்து அளவைத் தேக்கிவைக்கிறது.

தேக்கிய மின்னூட்டம் மெல்லக் கசியும். 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியில் 1 நானோ ஆம்பியர் கசிந்தால், ஒரு மைக்ரோ நொடிக்கு 10 மைக்ரோ வோல்ட் குறையும். மின்தேக்கியைப் பெரிதாக்கினால் இச்சரிவு குறையும். ஆனால், அது நிரம்பக் காலம் பிடிக்கும். விரைவுக்கும் நிலைப்புக்கும் இடையே சமன்காண்பதே வடிவமைப்பாளரின் திறன்.

இருமுறை அளத்தல்

ஒவ்வொரு புள்ளியையும் அளக்குமுன் வெளியீட்டு மின்தேக்கி தொடக்க அழுத்தத்திற்கு மீட்டமைக்கப்படும். வெப்ப அசைவினால் அத்தொடக்க அளவு ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். அறை வெப்பநிலையில் 0.1 பிக்கோ ஃபாரட் மின்தேக்கிக்கு இவ்விரைச்சல் ஏறத்தாழ 125 எலக்ட்ரான்களுக்கு நிகர். 100 எலக்ட்ரான்களை மட்டுமே தந்த விண்மீன் இதில் மூழ்கிவிடும்.

இதற்குத் தீர்வு எளியது. மீட்டமைத்தவுடன் ஒரு மாதிரியும், எலக்ட்ரான்கள் வந்தபின் மற்றொரு மாதிரியும் எடுக்கப்படுகின்றன. சான்றாக, தொடக்கம் 2.500 வோல்ட்டாக இருக்கவேண்டிய இடத்தில் இரைச்சலால் 2.503 ஆகிறது எனக் கொள்வோம். எலக்ட்ரான்கள் வந்தபின் அழுத்தம் 2.103 ஆகக் குறைகிறது. இரண்டிலும் அதே 0.003 வோல்ட் பிழை இருப்பதால், கழித்தால் 0.400 என்னும் உண்மை அளவு எஞ்சும். இம்முறை ‘தொடர்புடைய இரட்டை மாதிரி எடுத்தல்’ எனப்படும்.

எனினும், எல்லா இரைச்சலும் இதனால் நீங்குவதில்லை. இரு மாதிரிகளுக்கும் பொதுவான பிழை மட்டுமே அழியும். ஒளியின் இயல்பான ஏற்றத்தாழ்வு எஞ்சி நிற்கும். பிழையை முற்றிலும் தடுக்க இயலாதபோது, அதனையே அளந்து கழிப்பதும் அறிவியல் நெறியாகும்.

தெரியுமா?

சிசிடியை உருவாக்கியமைக்காகப் பாயிலும் ஸ்மித்தும் 2009ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர்.

கற்பவை கற்றபின்

1. மின்தேக்கியின் அளவைக் கூட்டுவதால் விளையும் நன்மையையும் குறையையும் எழுதுக.
2. முதல் மாதிரி 2.498 வோல்ட், இரண்டாம் மாதிரி 2.248 வோல்ட் எனில், உண்மைச் சைகையின் அளவைக் காண்க.