எத்தன்: ஏமாற்றுபவனும் ஏமாறுபவனும்



கதைப் பாத்திரங்களை ஆராயும்படி வினா வந்தால் வீரனைப் பற்றியும் தியாகியைப் பற்றியும் நீங்கள் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறீர்கள். எத்தன் என்னும் பாத்திரம் வரும்போது மட்டும், "இவன் ஓர் ஏமாற்றுக்காரன்" என ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரி விடையாகாது. ஏன் ஆகாது என்பதையே இப்பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

1. எத்தன் என்பவன் யார்?

ஆங்கிலத்தில் ட்ரிக்ஸ்டர் எனப்படும் பாத்திரத்தை நாட்டாரியலாளர் தமிழில் எத்தன் என்பர். பல பண்பாடுகளின் கதைகளில் திரும்பத் திரும்பத் தோன்றும் பாத்திர வடிவத்தைத் தொல்படிமம் என்கிறோம். இக்கருத்தை விரிவாக வளர்த்தவர் சுவிற்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் (1875–1961) ஆவார். வட அமெரிக்காவின் வின்னெபாகோ மக்களிடையே வழங்கிய எத்தன் கதைகளைப் பற்றி மானிடவியலாளர் போல் ராடின் எழுதிய நூல் 1956இல் வெளிவந்தபோது, அதில் யுங்கின் விளக்கவுரையும் இடம்பெற்றது. அக்கதைகளில் ஓரிடத்தில் எத்தனின் வலது கையும் இடது கையும் ஒன்றோடொன்று சண்டையிட்டுக் காயப்படுகின்றன. பிறரை ஏமாற்றுபவன் தானும் ஏமாறுகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எத்தனின் பொதுவான இயல்புகள் நான்கு:

அ. உடல் வலிமையால் அன்றி உபாயத்தால் வெல்வான்.
ஆ. கடற்கரை, சந்தை, அரண்மனை வாசல் போன்ற எல்லைகளில் உலாவுவான்; வேடம் மாறுவான்.
இ. ஒழுங்கைக் குலைப்பான், அதனால் அதுவரை மறைந்திருந்த ஒன்று வெளிப்படும்.
ஈ. அவனுடைய சூழ்ச்சியின் விளைவு அவனையும் வந்தடையும்.

பெரும்பாலான மாணவர் முதல் மூன்றையும் எழுதி நான்காவதை விட்டுவிடுகின்றனர். அதுவே மிக முக்கியமானது.

2. நரி பரியான கதை

நமக்கு மிக அருகில் உள்ள சான்று பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ளது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கூறப்படும் 64 திருவிளையாடல்களுள் 59ஆவது நரி பரியாக்கியது, 60ஆவது பரி நரியாக்கியது, 61ஆவது மண் சுமந்தது. இம்மூன்றையும் ஒரே கதையாகச் சேர்த்து வாசியுங்கள்.

அரிமர்த்தன பாண்டியன் தன் அமைச்சர் வாதவூரரிடம் பொருள் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பினான். திருப்பெருந்துறையில் குருவைக் கண்ட வாதவூரர் அப்பொருளைக் கோயிற் பணியில் செலவிட்டுவிட்டார். குதிரை எங்கே என மன்னன் கேட்டபோது, சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கித் தாமே குதிரை வணிகராக வேடம் பூண்டு மதுரைக்கு வந்தார். குதிரை வியாபார வழக்கப்படி கயிறு கைமாறியது. கயிறு மாறிய பின் வாங்கியவன் விற்றவனிடம் குறை சொல்ல முடியாது. அன்றிரவே குதிரைகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துத் தின்றுவிட்டு ஓடின.

மன்னன் வாதவூரரைச் சுடுமணலில் நிறுத்தித் தண்டித்தான். வைகை பெருகியது. கரையடைக்க வீட்டுக்கொருவர் வரவேண்டும் என்பது ஆணை. ஆளில்லாத கிழவி வந்திக்காக இறைவன் கூலியாளாக வந்தார். கூலி உதிர்ந்த பிட்டு. பிட்டைத் தின்றார், ஆடினார், உறங்கினார். கோபமடைந்த மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் உட்பட எல்லா உயிர்கள்மீதும் விழுந்தது.

இக்கதையில் வரும் குதிரை வாணிபம் வரலாற்றில் உண்மையாக நடந்ததாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்குக் கடல்வழியாகப் பெருந்தொகைக் குதிரைகள் இறக்கப்பட்டதையும், சரியான பராமரிப்பின்றி அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் இறந்ததையும் எழுதியுள்ளார். அவர் குறிப்பிடும் காயல் துறை நமது மன்னார் வளைகுடாவின் மறுகரையில் உள்ளது. அரசர்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கியது கண்முன்னே இல்லாமற் போவதைக் கண்ட கரையில் இப்படியொரு கதை நிலைத்தது வியப்பன்று.

3. பிற நாட்டு எத்தர்கள்

கிரேக்கரின் ஹேர்மிஸ் வணிகர்க்கும் வழிப்போக்கர்க்கும் திருடர்க்கும் தெய்வம். பிறந்த அன்றே அப்பொல்லோவின் மாடுகளைத் திருடி, தடம் பிடிபடாதபடி பின்புறமாக நடத்திச் சென்றான். பின்னர் தந்தை சியூஸ் முன் நிறுத்தப்பட்டான். ஆமையோட்டில் தான் செய்த யாழை அப்பொல்லோவுக்குக் கொடுத்துச் சமாதானமானான்.

மேற்கு ஆபிரிக்காவின் அகான் மக்களுடைய அனன்சி ஒரு சிலந்தி. அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களோடு இச்சிலந்தியும் கடல் கடந்து ஜமேய்க்காவுக்குச் சென்றது. சங்கிலியிட்டவனை வெல்ல வழியில்லாதவர்களுக்குச் சிறியது பெரியதை வெல்லும் கதை ஆறுதலாயிற்று.

வட ஐரோப்பியரின் லோகி வேறு வகையினன். அவனுடைய சூழ்ச்சியால் குற்றமற்ற பால்டர் இறந்தான். லோகி மீனாக மாறி ஓடினான். ஆனாலும் பிடிபட்டுப் பாறையில் கட்டப்பட்டான். எத்தர் அனைவரும் நல்லவர் அல்லர் என்பதற்கு இவனை எடுத்துக்காட்டலாம்.

4. மக்கள் கதைகளிலும் நாவல்களிலும்

சிங்கள மக்களின் அந்தரே கதைகளில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். பாயில் காயும் சீனியை மணல் என்று அரசன் சொல்லி அந்தரேயை ஏமாற்றப் பார்க்கிறான். சற்று நேரத்தில் மகன், "அம்மா செத்துப்போனா" என அழுது வருகிறான். "இனி எங்கள் வாயில் மண்தான்" என்று இருவரும் பாயில் விழுந்து அள்ளி அள்ளித் தின்கின்றனர். அரசனால் தடுக்க முடியவில்லை. மணல் என்று சொன்னவன் அவனே.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனில் ஆழ்வார்க்கடியான் நம்பி வருகிறான். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களில் அவனைப் பார்த்திருப்பீர்கள். வீதியில் சமயச் சண்டை பிடிக்கும் வேடிக்கை மனிதன். உண்மையில் முதலமைச்சர் அநிருத்தரின் ஒற்றன். இவனிடம் வேடமும் உபாயமும் உண்டு. ஆனால் அந்தரேயைப் போல அதிகாரத்துக்கு எதிராக நிற்கவில்லை, அதிகாரத்துக்காகவே உழைக்கிறான். இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

5. ஒரு மாணவியின் கேள்வி

இப்பாடத்தை மன்னார்த் தீவின் மாலை வகுப்பொன்றில் நடத்தியபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ரீச்சர், அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்புறன் என்று வள்ளமும் எஞ்சினும் விற்ற காசை வாங்கிக்கொண்டு போன ஏஜென்சிக்காரனும் எத்தன்தானே? அவனும் வலிமையால வெல்லேல்ல. வேடம் போட்டான்." வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அன்று எனக்கு உடனே விடை வரவில்லை. மறுவாரம் கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன்.

ஒன்று: இழந்தவர் யார்? அந்தரேயிடம் இழந்தவன் அரசன். இங்கே இழந்தவர் ஒரு தொழிலாளி.

இரண்டு: சூழ்ச்சியால் வெளிப்பட்டது என்ன? நரிகள் ஓடியபோது மன்னனின் செருக்கு வெளிப்பட்டது. இங்கே காசு கைமாறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மூன்று: ஏமாற்றியவன் திரும்பி வந்தானா? குதிரை வணிகராக வந்த அதே இறைவன் கூலியாளாகத் திரும்பிவந்து பிரம்படி பட்டார். ஹேர்மிஸ் விசாரணைக்கு நின்றான். ஓடிய லோகியையும் கதை விடவில்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசி அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

ஆகவே அவன் எத்தன் அல்லன், வஞ்சகன். எத்தன் என்று பெயர் சூட்டி அவனுக்கு ஒரு கதையின் பெருமையைக் கொடுக்க வேண்டாம் என்றேன். அம்மாணவி சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்த இலாயத்துப் பழைய குதிரைகள்?" என்று கேட்டாள். அவை ஒரு குற்றமும் செய்யவில்லை. கதையில் அவற்றுக்காக அழுபவரும் இல்லை. எத்தனின் விளையாட்டிலும் குற்றமற்றவர் பாதிக்கப்படுவர் என்பதை நான் அவளிடமிருந்தே கற்றேன். நீங்களும் எத்தனைப் போற்றி எழுதும்போது அந்தக் குதிரைகளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

பாடத்துக்கு வெளியே ஒரு சொல்: கயிறு கைமாறுமுன் விசாரியுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் வெளிநாடு செல்லப் பணம் கட்டுவதானால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முதலில் கேட்டறியுங்கள்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: "எத்தன் வெறும் ஏமாற்றுக்காரன் அல்லன்." பொருத்தமான சான்று தந்து விளக்குக.

விடை: எத்தன் உபாயத்தால் வெல்பவன். ஆயினும் அவனுடைய சூழ்ச்சி தன்னலத்தோடு நின்றுவிடுவதில்லை. நரி பரியாக்கிய கதையில் இறைவனின் சூழ்ச்சி மன்னனின் செருக்கை வெளிப்படுத்துகிறது. பின்னர் அவரே கூலியாளாகி அடி பெறுகிறார். அந்த அடியால் மன்னனும் உணர்கிறான். அதேவேளை வாதவூரர் தண்டனை அடைவதும் இலாயக் குதிரைகள் இறப்பதும் இச்சூழ்ச்சியின் மறுபக்கமாகும். ஒழுங்கைக் குலைத்து உண்மையைக் காட்டுவதாலும் விளைவைத் தானும் ஏற்பதாலும் எத்தன் வஞ்சகனிலிருந்து வேறுபடுகிறான்.

பயிற்சி

1. மாயமானாக வந்த மாரீசனை எத்தன் எனலாமா? மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கொண்டு ஆராய்க.
2. அந்தரே, ஆழ்வார்க்கடியான் ஆகியோரை அதிகாரத்தோடு அவர்களுக்குள்ள உறவின் அடிப்படையில் ஒப்பிடுக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நரிக்கதை ஒன்றோ முல்லாக் கதை ஒன்றோ கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுக. அதில் இழந்தவர் யார் என்பதைக் கீழே ஒரு வரியில் குறிப்பிடுக.