பில் நனைந்தாலும் கணக்கு அழியக் கூடாது

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில், தல்லாகுளத்தில் உள்ள எங்கள் கிடங்கிலும் தண்ணீர் புகுந்தது. பருப்பு மூட்டைகளைத் தூக்கி அடுக்கிய நாங்கள், கீழ்த்தட்டில் இருந்த பழைய பில் கட்டுகளை மறந்துவிட்டோம். சரக்குப் போனால் மீண்டும் வாங்கலாம். கொள்முதல் பில் போனால், வரி கழித்ததற்கு எதை ஆதாரமாகக் காட்டுவது?

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023–24 கணக்கு என்றால் 2030 டிசம்பர் முடிய. அப்பீல் நடந்தால் காலம் இன்னும் கூடலாம். கம்ப்யூட்டரிலும் கணக்கு வைக்கலாம். ஆனால் மறுபிரதி எடுத்து வைப்பது கட்டாயம்.

எங்கள் கடையில் இப்போது செய்வது:

1. அன்றைய பில்லை அன்றே ஸ்கேன் செய்கிறோம். தெர்மல் ரோலில் அடித்த பில் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும், அதற்கே முதலிடம்.

2. ஆண்டு, மாதம், பார்ட்டி பெயர், பில் எண் என்ற வரிசையில் பெயரிடுகிறோம்.

3. ஒரு பிரதி கடைக் கம்ப்யூட்டரில். இன்னொன்று தனி டிஸ்க்கில், வீட்டில்.

4. மாதம் ஒருமுறை ஒரு பழைய பில்லைத் தேடித் திறந்து பார்க்கிறோம்.

புரோநோட்டு, பத்திரம் ஆகியவற்றின் அசல் பீரோவிலேயே இருக்கட்டும். மற்றவற்றையும் ஆடிட்டரைக் கேட்காமல் கழிக்க வேண்டாம். பழையதை எல்லாம் ஒரே மூச்சில் ஏற்ற நினைத்தால் மலைப்புத்தான் வரும். இன்றைய பில்லிலிருந்து தொடங்குவோம்.