ஓ.எல். ஆங்கிலம்: மீட்டல் செய்வது எப்படி?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது நமது தோட்டங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம். "கணக்கு எப்படியாவது பாஸ் பண்ணிருவான். சயன்சும் பரவாயில்ல. இங்கிலீசுதான் வராது, அத விட்டுட்டோம்." விட்டதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றில் 3 பாடங்களில் சி தரமும் இருந்தால் உயர்தரம் படிக்கலாம், ஆங்கிலம் தேவையில்லை என்பார்கள்.

இது உண்மைதான். ஆனால் உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் என்ற வினாத்தாள் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போனால் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெறுபேற்றுப் பத்திரத்தில் ஆங்கிலத்துக்கு எதிரே என்ன எழுத்து இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். ஆகவே விட்டுவிடக்கூடிய பாடம் அல்ல இது. எஸ் தரத்துக்கு 35 புள்ளி, சி தரத்துக்கு 50 புள்ளி. ஒழுங்காக மீட்டல் செய்தால் இது எட்டாத உயரம் இல்லை.

1. முதலில் வினாத்தாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆங்கில மொழிக்கு இரண்டு வினாத்தாள்கள் உண்டு. இடைவெளி நிரப்புதல், பந்தியை வாசித்து விடை எழுதுதல், சிறு குறிப்பு, கடிதம், கட்டுரை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். பந்தியில் கேட்கும் கேள்விகளில் அநேகமானவற்றுக்கு விடை அந்தப் பந்திக்குள்ளேயே இருக்கிறது. முதலில் கேள்வியைப் படியுங்கள், பிறகு பந்தியில் தேடுங்கள். தெரியாத சொல் ஒன்று வந்தவுடன் பயந்து நிற்க வேண்டாம். அதைத் தாண்டிப் போனால் அடுத்த வரியில் கருத்துப் பிடிபடலாம்.

கடந்தகால வினாத்தாள்களைப் பாடசாலையில் கேட்டு வாங்குங்கள். கிழமைக்கு ஒன்றாவது மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். பிழையாக எழுதினால் புள்ளி குறைப்பதில்லை. ஒன்றும் எழுதாத இடத்துக்குத்தான் நிச்சயமாகப் பூச்சியம்.

2. கட்டுரையைப் பாடமாக்காதீர்கள்

பரீட்சைக்கு முன்னர் நாலைந்து கட்டுரைகளை அப்படியே பாடமாக்குகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கேட்ட தலைப்பு வேறாக இருந்தாலும் பாடமாக்கியதையே எழுதிவிட்டு வருகிறார்கள். திருத்துபவர் நான்கு விடயங்களைப் பார்ப்பார். கேட்டதை எழுதியிருக்கிறாரா, மொழி சரியா, ஒழுங்காக வருகிறதா, எழுத்தும் நிறுத்தக்குறியும் சரியா என்பவையே அவை. கேட்காததை எழுதினால் முதலாவதிலேயே புள்ளி போய்விடும்.

அதற்குப் பதிலாக எனது குடும்பம், எனது பாடசாலை, எங்கள் ஊர், ஒரு திருவிழா, ஒரு பயணம் ஆகிய 5 தலைப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 வசனங்களை நீங்களே எழுதி ஆசிரியரிடம் திருத்திக்கொள்ளுங்கள். சொந்தமாக எழுதிய 50 வசனங்கள் கையில் இருந்தால் எந்தத் தலைப்பு வந்தாலும் அதற்கேற்ப மாற்றி எழுத முடியும்.

3. நாம் வழக்கமாக வழுக்கும் இடங்கள்

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "அம்மா கொழுந்து எடுக்கிறார்" என்கிறோம். ஆங்கிலத்தில் யார் என்பதற்கு அடுத்தே வினை வந்துவிடும்: "மை மதர் ப்ளக்ஸ் டீ." அந்த "ப்ளக்ஸ்" என்பதில் கடைசியில் வரும் "ஸ்" ஒலியைக் கவனியுங்கள். அவன், அவள், அது என்று ஒருவரைப் பற்றி வழக்கமாக நடப்பதைச் சொல்லும்போது இது வேண்டும். "மை மதர் ப்ளக் டீ" என்பது பிழை.

நேற்று நடந்ததைச் சொன்னால் வினை மாறும். "யெஸ்டர்டே வீ கோ" என்று எழுதக்கூடாது, "வீ வென்ட்" என்று எழுத வேண்டும். தமிழில் இல்லாத சிறு சொல் ஒன்றும் உண்டு. "ஐ ஹேவ் புக்" என்பது பிழை, "ஐ ஹேவ் எ புக்" என்பதே சரி. எழுதி முடித்ததும் இந்த மூன்றையும் மட்டும் தேடி ஒருமுறை திரும்ப வாசியுங்கள். அதிலேயே பல பிழைகள் குறையும்.

4. தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள்

செக்ரோல், பெக்டரி, பீல்ட், டிஸ்பென்சரி, அட்வான்ஸ் எல்லாம் நம் வீட்டில் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள். வாயில் இருக்கிறது, எழுத்தில்தான் இல்லை. இவற்றின் எழுத்துக்கூட்டலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். தேயிலைப் பக்கற், மருந்துப் பெட்டி, பஸ் பலகை என்று கண்ணில் படுவதை வாசித்து, நாளுக்கு 5 சொல் சேருங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு வசனத்தில் வைத்து எழுதினால்தான் அது மனதில் தங்கும்.

5. ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு

இது விருப்பப் பாடம். கவிதை, சிறுகதை, நாடகம், நாவல் ஆகியவை இதில் அடங்கும். முதலில் குறிப்புப் புத்தகத்தைத் திறக்காமல் மூலத்தையே வாசியுங்கள். பிறகு கதையைத் தமிழில் வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள். உதாரணமாக ஆர். கே. நாராயணின் இனிப்பு வியாபாரி பற்றிய நாவலில், ஜகன் என்ற தகப்பன் காந்தி வழியில் நடப்பவர். மகன் மாலி அமெரிக்கா போய்த் திரும்பி, கதை எழுதும் இயந்திரம் செய்யும் தொழிலுக்கு அப்பாவிடம் பணம் கேட்கிறான். இதைக் கேட்டு, "அந்தத் தகப்பன் என்ன செஞ்சாரு?" என்று உங்கள் அம்மா கேட்டால், பதில் சொல்லிப் பாருங்கள். தடுமாறும் இடத்தைத்தான் திரும்ப வாசிக்க வேண்டும். விடை எழுதும்போது கருத்தைச் சொல்லி, அதற்கு ஆதாரமாக நூலில் நடக்கும் ஒரு சம்பவத்தையும் காட்டுங்கள்.

6. பெற்றோருக்கு

"எங்களுக்கு இங்கிலீஸ் தெரியாதே, நாங்க என்னா செய்யிறது?" என்று கேட்கிறீர்கள். தெரியாமலே செய்யக்கூடியவை பல உண்டு. பிள்ளையின் கொப்பியில் இன்றைய திகதி போட்டு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். லயக் காம்பராவில் இடம் குறைவுதான். இருந்தாலும் மாலையில் ஒரு மணித்தியாலம் டீவியை நிறுத்தி வைக்கலாம்.

இன்னுமொன்று. பெண் பிள்ளை படிக்கிற வீட்டில் தண்ணி எடுப்பது, சமைப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையிலேயே விழுகிறது. பரீட்சைக்கு முந்திய 3 மாதமாவது அந்த வேலைகளை அண்ணன் தம்பிகளும் அப்பாவும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலம் எந்த டியூசனுக்கும் குறைந்ததல்ல.

"ஒனக்கு மண்டையில ஏறாது" என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். மலையில் முதல் நாளே கூடையை யாரும் நிரப்பியதில்லை. கை பழகப் பழகத்தான் நிறை கூடியது. ஆங்கிலமும் அப்படித்தான். இன்று இரவே ஒரு கொப்பியை எடுத்து 5 வசனம் எழுதத் தொடங்குங்கள்.