வாழ்க்கைப்பட்ட நாட்டில் மருத்துவ உரிமை

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

பெண்ணைக் கடல் கடந்து அனுப்புவது திருச்சிக்கும் திருவரங்கத்திற்கும் புதிதன்று. சிங்கப்பூர், மலேசியா என்று தொடங்கிய பயணம் இன்று இலண்டன், டொராண்டோ, நியூ ஜெர்சி வரை நீண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம், குடும்பம் ஆகிய அனைத்தையும் துருவித் துருவி விசாரிக்கும் நாம் ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை. போன இடத்தில் பெண்ணுக்கு நோய் வந்தால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதே அது.

சென்ற தை மாதம் திருவரங்கத்தில் என் அக்காவின் திருமணம் நடந்தது. அவள் கணவர் நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவர், அமெரிக்கக் குடிமகன். மனைவிக்காக அவர் விண்ணப்பித்திருக்கிறார். விசா இன்னும் வரவில்லை. ஒரு நாள் மாலை எங்கள் பாட்டி, "போன இடத்தில் இவளுக்குக் காய்ச்சல், தலைவலி என்றால் யார் காசு கொடுப்பார்கள்?" என்று கேட்டார். வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை. பொருளியல் படிக்கும் எனக்கும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மூன்று வழிகள்

கணவரோ மனைவியோ பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் ஒருவருக்கு நாடுகள் மருத்துவ உதவி தரும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். நாட்டில் குடியிருப்பதே போதும் என்பது ஒன்று. முன்பணம் கட்டிவிட்டு வா என்பது மற்றொன்று. துணைவரின் வேலையோடு சேர்ந்து வருவது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உரிமை எந்த நாளில் தொடங்குகிறது? அது வந்தவரின் சொந்த உரிமையா, துணைவரைப் பற்றி நிற்பதா?

கனடா

குடியிருப்பு முறைக்குக் கனடா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மருத்துவக் காப்பீட்டை நடத்துபவை மாகாண அரசுகள். புதிதாக வருபவரை மூன்று மாதத்திற்கு மேல் காக்க வைக்கக் கூடாது என்பது 1984ஆம் ஆண்டு கனடா சுகாதாரச் சட்டத்தின் விதி. ஈழத் தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரம் உள்ள ஒன்டாரியோ மாகாணம், கொரோனாத் தொற்றின்போது, 2020 மார்ச்சில், இந்த மூன்று மாதக் காத்திருப்பை நீக்கிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ வந்த மாதத்தின் மீதி நாட்களும், அதன்மேல் இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும்.

மனைவியை அழைப்பவர் மூன்றாண்டுக் காலம் அவளைப் பராமரிப்பதாக அரசுக்கு உறுதி எழுதித் தருகிறார். ஆனால் நிரந்தரக் குடியிருப்பு பெற்று வருபவளின் மருத்துவ அட்டை அவள் பெயரிலேயே தனியாக வழங்கப்படுகிறது. கணவரின் வேலை போனாலும் அட்டை போவதில்லை. பல் மருத்துவம், மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்து ஆகியவை இச்சட்டத்தின் கட்டாயத்திற்குள் பொதுவாக வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிரிட்டன்

பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணி 1948இல் தோன்றியது. நோயாளியிடம் மருத்துவமனை வாசலில் பணம் கேட்காத அமைப்பு என்று அது புகழ் பெற்றது. ஆயினும் 2015 ஏப்ரல் முதல், விசா பெற்று நெடுநாள் தங்க வருபவர் விண்ணப்பத்தோடு மருத்துவக் கட்டணமும் செலுத்த வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ஆண்டுக்கு 200 பவுன், 2019இல் 400, 2020இல் 624, 2024 பிப்ரவரி முதல் 1,035 பவுன். இங்கிருந்து மனைவியாகச் செல்பவளுக்கு முதலில் கிடைப்பது 33 மாத விசா. அதற்கு மூன்று ஆண்டுக் கணக்கில் 3,105 பவுன் கட்ட வேண்டும். பின்னர் 30 மாத நீட்டிப்புக்கு 2,587 பவுன் 50 பென்ஸ். விசாக் கட்டணம் இதில் அடங்காது. இதே தொகையில் ஐந்தாண்டு கழித்து நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை, மருத்துவத்திற்கென்று முன்கூட்டியே கட்டுவது 5,692 பவுனைத் தாண்டுகிறது.

பணம் பெரிது என்றாலும் பயன் உடனடியானது. விசாக் காலம் தொடங்கி அந்நாட்டில் காலடி வைத்த நாள் முதல் பிரசவம் உட்பட மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்பதில்லை.

அமெரிக்கா

அக்கா போகும் நாட்டின் கதையே சிக்கலானது. அங்கே உழைக்கும் வயதினரில் பெரும்பாலோர்க்குக் காப்பீடு வேலை தரும் நிறுவனத்தின் மூலமே வருகிறது. ஏழைகளுக்கு உதவும் அரசுத் திட்டம் மெடிக்கெய்ட். ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருமணத்தின் வழியே கிரீன் கார்டு பெற்றவர் பொதுவாக முதல் ஐந்தாண்டுகள் அதில் சேர இயலாது. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தத் தடையைத் தளர்த்த 2009இல் மாநிலங்களுக்கு இடம் தரப்பட்டது; நியூ ஜெர்சி அவ்வாறு தளர்த்திய மாநிலங்களுள் ஒன்று. முதியோர்க்கான மெடிக்கேர் திட்டமோ 65 வயதானவர்க்கு உரியது.

இடையில் உள்ள வழி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த காப்பீட்டுச் சந்தை. குடியேறி வந்தவர் 60 நாட்களுக்குள் அதில் தமக்கு ஒரு காப்பீட்டைத் தேர்ந்துகொள்ளலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழே இருந்தும் ஐந்தாண்டுத் தடையால் மெடிக்கெய்ட் கிடைக்காதவர்க்கு இச்சந்தையில் முன்பு கிடைத்து வந்த வரிச் சலுகை, 2025இல் இயற்றிய சட்டத்தால் 2026 தொடக்கத்திலிருந்து நின்றுவிட்டது. எனவே வருமானம் குறைந்த குடும்பத்திற்கு இவ்வழியும் குறுகியே போயிற்று.

இதைப் படித்தபோதுதான் எங்கள் வீட்டுப் பிழை எனக்குப் புரிந்தது. திருமணம் ஆனதும் மனைவியை நிறுவனக் காப்பீட்டில் சேர்க்கச் சட்டம் தரும் குறைந்த அளவு அவகாசம் 30 நாட்களே. மனைவி வந்து இறங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அக்காவின் கணவர் இருந்துவிட்டார். தை போய் மாசியும் போயிற்று. இனி நிறுவனம் ஆண்டுக்கொருமுறை பெயர் சேர்க்கும் காலத்திற்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் விசா வந்துவிட்டால் சந்தைக் காப்பீட்டை 60 நாட்களுக்குள் தேட வேண்டும். அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. கேட்காமல் இருந்தது நாங்களுந்தானே!

இன்னொரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. நிறுவனக் காப்பீடு மனைவிக்குக் கணவரின் வேலையால் வருவது. வேலை போனால் அதுவும் போகும். ஆனால் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களில், வேலை இழந்த பின்னும் முழுத் தவணையையும் தாமே கட்டி 18 மாதம்வரை காப்பீட்டைத் தொடர வழி செய்கிறது. மணமுறிவோ கணவரின் மறைவோ நேர்ந்தால் மனைவிக்கு அது 36 மாதம். அதுபோலவே, மனைவியைத் தாங்குவதாகக் கணவர் அரசுக்கு எழுதித் தரும் உறுதிப் பத்திரம் மணமுறிவால் முடிந்துவிடுவதில்லை. மங்கலம் பேசும் வீட்டில் இதைச் சொல்லலாமா என்று அம்மா தயங்கினார். தெரிந்துகொள்வது அபசகுனமல்ல என்பது என் கருத்து.

நம் ஊருக்கு வந்தவர்கள்

பிற நாடுகளின் கதவுகளைத் தட்டிப் பார்த்த நாம் நம் கதவையும் பார்க்க வேண்டும். திருச்சி விமான நிலையத்திற்கு அருகே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருகிறது. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகக் கூடாது என்பது பொது விதி. முகாம் வாழ் இலங்கைத் தமிழர்க்கு அந்த வருமான வரம்பு இல்லை என்பது பெருமைக்குரியது.

ஆனால் இந்தியக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண் தாலி ஏறியவுடன் குடிமகள் ஆவதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி ஏழாண்டு இங்கே வாழ்ந்த பின்னரே விண்ணப்பிக்கலாம். உரிய ஆவணமின்றிப் படகேறி வந்தவர்க்கு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வழியும் அடைபட்டது. நியூ ஜெர்சியின் ஐந்தாண்டைக் கண்டு பெருமூச்சு விடும் நாம் இந்த ஏழாண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

முடிவுரை

நிச்சயதார்த்தத்தின்போதே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. மருத்துவ உரிமை எந்நாளில் தொடங்கும்? இடைப்பட்ட நாட்களுக்கு என்ன ஏற்பாடு? பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது? கணவரின் வேலை போனால் என்ன ஆகும்? இவற்றோடு, 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் பெறுவதும் கடமை. விசாவிற்கு மட்டுமன்றிக் காப்பீட்டிற்கும் அந்தத் தாள் வேண்டும்.

எங்கள் சமையலறை நாட்காட்டியில் இப்போது அக்கா கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறது: "இறங்கிய நாள் முதல் 60." பாட்டி தினமும் அதைப் பார்க்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு விடை முழுதும் கிடைத்துவிடவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போது தெரியும்.